பளபளா துடைத்த சுவர்

அவளுக்குப் பளபளா என்று பெயர் வைத்தவர்கள் அவளோடு வேலை செய்த பெண்கள்தான். பெரிய ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. மற்றவர்கள் ஒரு அறையை முடித்துவிட்டுக் கதவைச் சாத்தினால், இவள் பின்னாலேயே போய்க் கட்டிலின் தலைமாட்டை விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பாள். விரலில் ஏதாவது ஒட்டியிருந்ததோ, தொலைந்தது, அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு இறங்காது. சூப்பர்வைசர் என்று ஒருத்தி தனியாக இருந்தாள். அவளே இவளைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நடப்பாள்.

மேலிடத்திலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருகிறது என்று தகவல் வந்தால் போதும், எல்லாரும் இவளைத்தான் தேடுவார்கள். "அக்கா, அந்த பாத்ரூம் டைல்ஸ் இடுக்க மட்டும் ஒரு தடவ பாத்துடுங்கக்கா." இவள் முட்டி போட்டு உட்கார்ந்து, பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்காகத் தேய்ப்பாள். வருகிறவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் ஒரு குறை அகப்படாது. அப்படித் திரும்பிப் போகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதுதான் அவளுக்கு வேலையில் இருந்த ஒரே சந்தோஷம். சம்பளம் ஒன்றும் சந்தோஷப்படுகிற மாதிரி இல்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். அவள் கணவருக்கு ரொட்டி ஃபாக்டரியில் அடுப்புப் பக்கம் வேலை. மாவு படிந்த தலையோடு வந்து வாசலில் நிற்பார்.

"மகாராணி, கோட்டைக்குள்ள வரலாமா?"

"முதல்ல காதுக்குப் பின்னால தட்டுங்க. அங்கதான் அரைக் கிலோ இருக்கு."

அவர் தட்டுவார், குதிப்பார், இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். பிள்ளை இல்லாத வீடு. இருவருக்கும் இருந்த விளையாட்டு அவ்வளவுதான். அவருடைய தங்கை, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், அதே ஊரில் இருந்தாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். "அண்ணி வராங்கன்னு போன் வந்தா, நான் என் சமையலறையப் பூட்டிச் சாவிய முழுங்கிடுவேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஆனால் அண்ணன்மேல் உயிர்.

இந்த வீட்டுக்கு அவர்கள் வந்தது வெயில் காலத்தில். கட்டடத்தின் பின்பக்கம், தரைத்தளம், முன்னறை, படுக்கையறை, சமையலறை. படுக்கையறைச் சுவர் பக்கத்துக் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓனர் அப்போதுதான் பெயின்ட் அடித்திருந்தார். வெள்ளைவெளேரென்று, ஒரு பொட்டு இல்லாமல். அந்தச் சுவரைப் பார்த்ததும் பளபளாவுக்கு வாயெல்லாம் பல். இரண்டு வருஷம் இருப்பதாக எழுதிக் கொடுத்தால் வாடகையில் கொஞ்சம் குறைப்பதாக ஓனர் சொன்னார். கணவர் பெயரில் ஒப்பந்தம் போட்டார்கள். நடுவில் காலி செய்தால் மீதி மாதங்களின் வாடகையை அப்படியே கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அதில் இருந்தது. யார் படித்தார்கள்? அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது இவள் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மழை பிடித்த பிறகு அந்தச் சுவரின் அடியில் கறுப்பாக மிளகு தெளித்த மாதிரி புள்ளிகள் வந்தன. பூஞ்சைதானே என்று பிளீச்சிங் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். போயிற்று. அடுத்த வாரம் திரும்ப வந்தது, இந்தத் தடவை கட்டில் உயரத்துக்கு. மறுபடி தேய்த்தாள். சுவருக்குள் எங்கோ மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய் கசிந்துகொண்டிருந்தது. துணிகளில் முடை நாற்றம் ஏறியது. அலமாரியில் வைத்த அவருடைய நல்ல செருப்பில் பச்சையாகப் பூத்திருந்தது. பிறகு அவருக்கு இருமல் தொடங்கியது.

ஓனரைக் கூப்பிட்டார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மனிதர், பேச்சில் மரியாதைக்குக் குறைச்சல் கிடையாது. கையில் பெயின்ட் டப்பாவோடு வந்தார்.

"ஜன்னலத் திறந்து வைக்கணும்மா. காத்து வந்தாச் சரியாப் போயிடும்."

"அந்தச் சுவத்துல ஜன்னலே இல்லையே அண்ணா. உள்ள குழாய் ஒழுகுது."

"குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"இவருக்கு மூச்சு முட்டுது அண்ணா."

"தப்பா எடுத்துக்காதீங்க. நாள் பூரா மாவுக்குள்ள நிக்கிறவரு. மூக்குல மாவு போனா இருமாம என்ன பண்ணுவாரு?"

ஓனர் பெயின்ட் அடித்துவிட்டு, மீதி டப்பாவைப் பின்பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். புள்ளிகள் பெயின்ட்டையும் தின்றுவிட்டு வெளியே வந்தன.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். முதலில் அந்த வீட்டை மாற்றுங்கள் என்றார். சொல்லிவிடலாம், அவருக்கென்ன! ஓனரைக் கேட்டதற்கு, ஒப்பந்தம் இருக்கிறதே, சும்மா விட முடியாது என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார். மீதி மாதங்களின் வாடகையையும் கட்டி, புது வீட்டுக்கு அட்வான்ஸும் கொடுக்க இவர்களிடம் என்ன கொட்டியா கிடந்தது? கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டுப் பார்த்தார்கள். நாற்றத்துக்குக் கதவு ஏது, அதுவும் கூடவே வந்தது. எங்காவது மாடிப்படி ஏறினால் அவர் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். வாசலில் குதிப்பதை நிறுத்திவிட்டார். தலையை மட்டும் தட்டிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்.

நாத்தனார்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பொது நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைகளில் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிற ஒரு வக்கீலம்மா உட்காருவார். அந்த அம்மாளுக்குப் பொறுமை இருந்தது. கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நடுவுல போகவே முடியாதுன்னு இல்லம்மா. ஓனர் சம்மதிச்சாப் போகலாம். சொல்லாம கொள்ளாம அவர் வீட்டுக்குள்ள வந்து போய்த் தொந்தரவு குடுத்தாப் போகலாம். வீட்டுல அடி உதைன்னு உயிருக்குப் பயம் இருந்தாப் போகலாம். உங்க விஷயம் வேற. வீடு மனுஷன் குடியிருக்க லாயக்கில்லன்னு ஆயிடுச்சுன்னா, அதை ஓனருக்கு எழுத்துல தெரியப்படுத்தி, சரி பண்ண அவகாசம் குடுத்து, அப்பவும் அவர் பண்ணலன்னா, ஒரு பைசா கட்டாம வெளிய வந்துடலாம்."

"லாயக்கில்லன்னு யாரு சொல்லணும்?" என்றாள் நாத்தனார்.

"நகராட்சிலேருந்து இன்ஸ்பெக்டர் வந்து பாத்து எழுதிக் குடுக்கணும். அவர் எழுதிட்டா ஓனர் தலைகீழா நின்னாலும் ஒன்னும் செய்ய முடியாது. போட்டோ எடுத்து வச்சிருக்கீங்களா?"

பளபளா தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனார் போட்டோ எடுக்க வந்தபோது, "நாலு பேர் பாக்குற போன்ல நம்ம வீட்டு அழுக்கா?" என்று அவள்தான் விரட்டி அடித்திருந்தாள்.

"பரவால்ல" என்றார் வக்கீலம்மா. "சுவர் இருக்கே, அது போதும். ஒன்னே ஒன்னு. இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் அந்தச் சுவத்துல கை வைக்காதீங்க. வர்றத அப்படியே விடுங்க. அவர் எதைப் பாக்கிறாரோ அதத்தான் எழுதுவார்."

"கை வைக்கல" என்றாள் பளபளா. மனதாரத்தான் சொன்னாள்.

கடிதம் போயிற்று. ஓனர் இன்னொரு டப்பா பெயின்ட் வாங்கித் தருவதாகப் பதில் அனுப்பினார். அவகாசம் முடிந்தது. இன்ஸ்பெக்டருக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அவளைப் போட்டு வதைத்துவிட்டது. பகலெல்லாம் யார் யாரோ படுத்துப் போன அறைகளைக் கண்ணாடியாகத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இந்தச் சுவர் கரேலென்று நிற்கிறது. முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து தோள். கை பரபரக்கும். படுக்கையறைக் கதவைச் சாத்தி வைத்தாள். சாத்தினால் மட்டும் மறந்து போகுமா? சோறு அள்ளும்போதும் கண் அந்தக் கதவு மேல்தான்.

"ஏய், சும்மா இரு. அது பாட்டுக்கு வளரட்டும்" என்று அவர் இருமலுக்கு நடுவே சிரிப்பார். "நல்லா உரம் போட்டு வளத்து இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டுவோம்."

ஒரு நாள் மாடி வீட்டுப் பெண் எதற்கோ வந்தவள், திறந்து கிடந்த கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டாள். "ஐயோ, என்னக்கா இது! இதெல்லாம் துடைக்கிறதில்லையா?" அவ்வளவுதான் கேட்டாள், கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பளபளாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வக்கீல், மனு, இன்ஸ்பெக்டர் என்று விளக்கப் போனவள், கதவை இழுத்துச் சாத்தினாள். அன்றைக்குச் சாயங்காலம் நாத்தனாருக்கு போன் பண்ணி அழுதாள். "கொஞ்ச நாள் அண்ணி, பல்லைக் கடிச்சுக்குங்க" என்றாள் அவள்.

கடைசியில் தகவல் வந்தது. நாளைக்குக் காலையில் இன்ஸ்பெக்‌ஷன்.

ஓட்டலில் வேலை நடுவில்தான் அந்த போன் வந்தது. இருபது வருஷமாக அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் கை எதைத் தேடிப் போகுமோ, அதைத்தான் அன்றைக்கும் தேடிப் போனது. அரை நாள் லீவு சொன்னாள். ஓட்டலில் குளியலறைகளுக்கு வைத்திருந்த காட்டமான மருந்தில் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டாள். முன்னறையை மட்டும் கூட்டித் துடைத்து வைப்போம், யாரோ ஒரு மனிதர் முதல் தடவையாக வீட்டுக்குள் வருகிறார் என்றுதான் நினைத்தாள். முன்னறை முடிந்தது. சமையலறை முடிந்தது. படுக்கையறைக் கதவைத் திறந்தாள். தரையை மட்டும் துடைக்கலாம் என்று உட்கார்ந்தாள். தரையைத் துடைத்தால் சுவரின் அடி ஓரம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. ஓரத்தை மட்டும், ஒரு விரல் உயரத்துக்கு மட்டும்.

அதற்கு மேல் அவளை யாராலும் பிடித்து நிறுத்தியிருக்க முடியாது. அவர் ஃபாக்டரியில் இருந்தார், நாத்தனார் வேனில் இருந்தாள். முக்காலி போட்டு ஏறி மேல்மூலை வரைக்கும் தேய்த்தாள். இரண்டு மின்விசிறியையும் சுவரைப் பார்த்துத் திருப்பிக் காய வைத்தாள். சாயம் போன மாதிரி கறை தெரிந்த இடத்தில், பின்பக்கத்தில் கிடந்த டப்பாவைத் திறந்து இரண்டு கை பெயின்ட் இழுத்தாள். தனக்குத் தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டாள், அவருக்கு நல்லதுதானே, இன்றைக்காவது நல்ல காற்றில் தூங்குவாரே என்று. பொய். அவரை நினைத்து அவள் அந்த முக்காலியில் ஏறவில்லை.

அவர் வேலை முடிந்து வந்து கதவருகில் நின்று பார்த்தார்.

"நல்லாத்தான் தொடச்சிருக்க" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையில் இருந்த துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னங்க, நான் என்ன பண்ணிட்டேன்... என்னங்க..."

காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மாதிரியான மனிதர், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். ஓனரும் வந்திருந்தார். நாத்தனார் வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு ஓடி வந்தாள், படுக்கையறைக்குள் ஒரு எட்டு வைத்தாள், சுவரைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். அவள் வாய் அடைத்து நின்றது அன்றைக்கு ஒரு நாள்தான்.

"நேத்து வரைக்கும் இருந்துச்சு சார்" என்றாள் பளபளா. "கறுப்பா, தோள் உயரத்துக்கு. நான்தான் தொடச்சிட்டேன்."

"தொடச்சாப் போயிடுதுன்னா அது வெறும் அழுக்குதானேம்மா?" என்றார் ஓனர், மிக மரியாதையாக.

இன்ஸ்பெக்டர் கையடக்கமான ஒரு கருவியைச் சுவரில் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் ஈரம் காட்டுகிறது, ஆனால் இந்த மழையில் எந்தச் சுவரும் இவ்வளவு காட்டும் என்றார். அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்தார். அங்கேயும் அவள் விட்டு வைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்தார். நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டார், தட்டத் தூசி இல்லை.

"ஒன்னு சொல்லட்டுமாம்மா? எத்தனையோ வாடகை வீடு பாத்திருக்கேன். இவ்வளவு சுத்தமா ஒரு வீட்ட நான் பாத்ததே இல்ல."

அந்த ஒரு நொடி, பாவி மனது, அவள் முகம் மலர்ந்துவிட்டது. அது உடனே அணைந்துவிட்டது. ஆனால் மலர்ந்ததை நாத்தனார் பார்த்துவிட்டாள்.

குடியிருக்க ஏற்றது, நன்றாகப் பராமரிக்கப்படுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு இன்ஸ்பெக்டர் போனார். ஓனர் அதில் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"எங்க அண்ணனப் பத்திக் கொஞ்சமாவது நெனச்சீங்களா அண்ணி?" என்று நாத்தனார் வாசலில் நின்று கத்தினாள். "செவுத்துக்கு இருக்குற மரியாதைகூட அவருக்கு இல்லையா?" அவர் தங்கையை அடக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது.

வக்கீலம்மா திட்டவில்லை. மறுபடி மனுப் போடலாம், ஆனால் போன தடவை ஏற்றது என்று எழுதியிருப்பதால் வரிசையில் கடைசிக்குப் போய்விடும் என்றார். அவர்கள் வருவதற்குள் மழை நின்று சுவர் காய்ந்திருக்கும் என்பதை எல்லாருமே யோசித்தார்கள். மறுபடி மனுப் போட்டார்கள். சுவர் மறுபடி கறுத்தது. இந்தத் தடவை அவள் தொடவில்லை, நாத்தனார் எடுத்த போட்டோவுக்குப் பக்கத்தில் நின்று விளக்கும் பிடித்தாள். ஓனரிடம் காட்டினால், சுத்தமாக இருந்த வீட்டை இவர்களே பாழடித்துவிட்டு நாடகம் ஆடுகிறார்கள் என்றார்.

குளிர் தொடங்கியும் இன்ஸ்பெக்டர் வரவில்லை, அவரால் அடுப்புப் பக்கம் நிற்கவும் முடியவில்லை. ஃபாக்டரியில் கணக்குப் பார்க்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள், பிறகு வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டிலேயே என்றால் அந்தச் சுவரோடு. நாத்தனார் தன் ஒற்றை அறை வீட்டுக்குக் கூப்பிட்டாள். இரண்டு பிள்ளைகளோடு அவள் படுகிற பாடு போதாதா என்று அவர் மறுத்துவிட்டார். தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினார். ஒரு தடவை அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "என்னத் திட்டுங்களேன், ஒரு வார்த்தையாவது திட்டுங்களேன்" என்று அழுதாள்.

"எதுக்குடி திட்டணும்? நீ தொடைக்காம விட்டிருந்தாத்தான் நான் பயந்திருப்பேன், உனக்கு உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு வாரம்கூட இருக்கவில்லை. மாவா, சுவரா என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். ரெண்டுமாவும் இருக்கலாம்மா, இப்ப சொல்ல முடியாது என்றார் அவர்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஓனர் துக்கம் விசாரிக்க வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். கிளம்பும்போது தயங்கி நின்றார்.

"ஒப்பந்தம் அவர் பேர்லதான இருந்துச்சு. வாடகைக்கு இருந்தவர் காலமாயிட்டா அது அத்தோட முடிஞ்சுதுன்னு வச்சுக்கலாம்மா. சட்டமே அப்படித்தான். நீங்க எப்ப வேணாலும் போகலாம். அபராதம் கிடையாது, அட்வான்ஸும் முழுசாத் தந்துடறேன். நான் ஒன்னும் மறிக்க மாட்டேன்."

"நாங்க கேட்டப்ப முடியாதுன்னீங்களே அண்ணா."

"அப்பக் காரணம் இல்லையேம்மா."

அவர் போன பிறகு அவள் வக்கீலம்மாவுக்கு போன் செய்து கேட்டாள். ஆமாம், அதுவும் ஒரு காரணம்தான் என்றார் அந்த அம்மாள். பளபளா நாத்தனாரிடம், "காரணம் கெடச்சிடுச்சாம்" என்றாள். அவ்வளவு நாள் முகம் கொடுக்காமல் இருந்த நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். தன் வீட்டிலேயே வந்து இருக்கச் சொன்னாள். சமையலறைய எப்படி வச்சிருந்தாலும் ஒன்னும் சொல்ல மாட்டேன் என்று இவள் சொன்னாள்.

காலி செய்கிற வாரத்தில், வீடு பார்க்க ஆள் வருவதாக ஓனர் சொல்லி அனுப்பினார். சுவரை மட்டும் கொஞ்சம் துடைத்து வைக்க முடியுமா என்றும் கேட்டிருந்தார். புதிதாகக் கல்யாணமான ஜோடி வந்தது. ஓனர் முன்னறையையும் சமையலறையையும் காட்டிவிட்டு, "பெட்ரூம்ல சாமான் அடைஞ்சு கெடக்கு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று வாசல் பக்கம் திரும்பினார்.

பளபளா எழுந்துபோய்ப் படுக்கையறைக் கதவை அகலத் திறந்து, விளக்கையும் போட்டாள். தரையிலிருந்து தலைக்கு மேல் வரைக்கும் கறுப்பு. அந்த இளம்பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பெயின்ட் அடிச்சுக் குடுத்துடறேன், ஒரே நாள் வேலை" என்றார் ஓனர்.

"ஐயே, எத்தன மாசமாத் தொடைக்காம வச்சிருக்காங்க பாருங்க" என்று அந்தப் பெண் கணவனிடம் கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பு எல்லாருக்கும் கேட்டது.

பளபளாவுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. ஆனாலும் கதவை விட்டு நகரவில்லை.

"ஆமாம்மா, நான் தொடைக்கல" என்றாள். "இங்க வர்றதா இருந்தா, நீயும் தொடச்சிடாத."